சுவரில் சான்றிதழ் இருக்கு... கைக்கு வேலை தெரியுமா? ஆபீஸுக்கு முதலுதவிப் பயிற்சி தருபவரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

நான் முன்பு வேலை பார்த்த ஆபீஸின் ரிசப்ஷன் சுவரில் ஒரு சான்றிதழ் ஃப்ரேம் போட்டுத் தொங்கும். 'எங்கள் ஊழியர்கள் 40 பேர் முதலுதவிப் பயிற்சி முடித்தவர்கள்' என்பதற்கான அத்தாட்சி அது. அந்த 40 பேரில் நானும் ஒருத்தி. ஒரு சனிக்கிழமை, கான்ஃபரன்ஸ் ஹால், டீ, பஃப்ஸ், இரண்டு மணி நேர ஸ்லைடு. கடைசியில் தரையில் ஒரே ஒரு பொம்மையைப் படுக்கவைத்தார்கள். முன்வரிசையில் இருந்த நான்கைந்து பேர் அதன் நெஞ்சை அழுத்திப் பார்த்தார்கள். மிச்சப் பேர் அதை மொபைலில் வீடியோ எடுத்தோம்.

மூன்று வாரம் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில், அக்கவுன்ட்ஸ் பிரிவு அக்கா ஒருவர் நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தார். வலிப்பு. ஒருவர் ஓடிப்போய் பைக் சாவியை அவர் கையில் திணித்தார். இன்னொருவர் நாக்கைக் கடித்துக்கொள்ளக் கூடாதென்று ஸ்பூனை வாயில் நுழைக்கப் பார்த்தார். நாலு பேர் கை காலை அழுத்திப் பிடித்தார்கள். இவை எல்லாமே செய்யக் கூடாதவை. நான்? டிபன் பாக்ஸைப் பிடித்தபடி அப்படியே நின்றேன்.

கூட்டத்தை விலக்கி, அக்காவின் தலைக்குக் கீழே துப்பட்டாவை மடித்து வைத்து, உதறல் நின்றதும் அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்தது, ஹவுஸ்கீப்பிங்கில் இருந்த ஓர் அம்மா. அவர் மகனுக்கு வலிப்பு உண்டு, அதனால் தெரியும். அந்தச் சனிக்கிழமை பயிற்சிக்கு அவரை யாருமே கூப்பிடவில்லை.

அக்கா நலமாகிவிட்டார். ஆனால், அன்றிலிருந்து அந்த ஃப்ரேமைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உறுத்தும். உங்கள் ஆபீஸிலும் 'இந்த வருஷம் ஒரு ஃபர்ஸ்ட் எய்டு ட்ரெய்னிங் வெச்சிடலாம்' என்று ஹெச்.ஆர் சொல்கிறாரா? ஏற்பாடு செய்யும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறதா? அப்படியென்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

108 வரும்வரை யார்?

'அதான் 108 இருக்கே' என்று தோன்றும். தமிழ்நாட்டில் 2008-லிருந்து அந்தச் சேவை இருக்கிறது, எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியும் இருக்கிறது. ஆனால், ஆம்புலன்ஸ் டிராஃபிக்கைத் தாண்டித்தான் வர வேண்டும். இதயம் நின்றுபோனால், நான்கு முதல் ஆறு நிமிடங்களில் மூளை பாதிக்கப்பட ஆரம்பிக்கும். சி.பி.ஆர் செய்யாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பைச் சுமார் 7 முதல் 10 சதவிகிதம்வரை குறைக்கும். அந்த நேரத்தில் பக்கத்தில் இருக்கப்போவது டாக்டர் இல்லை. பக்கத்து சீட்டுக்காரர்.

சட்டமும் இதைச் சொல்கிறது. 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 45-வது பிரிவு, 150 தொழிலாளர்களுக்கு ஒரு முதலுதவிப் பெட்டி வீதம் வைக்கச் சொன்னது. அந்தப் பெட்டிக்குப் பொறுப்பானவர் மாநில அரசு அங்கீகரித்த முதலுதவிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும், வேலை நேரம் முழுக்க அங்கேயே இருக்க வேண்டும் என்றது. 500 பேருக்கு மேல் வேலை செய்தால் ஆம்புலன்ஸ் அறையும் வேண்டும். இந்தப் பழைய சட்டத்தின் இடத்துக்குக் கொண்டுவரப்பட்ட 2020-ம் ஆண்டு பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் முதலுதவிப் பெட்டி, ஆம்புலன்ஸ் அறை பற்றிய விதிகள் தொடர்கின்றன.

முதலில் உங்க ஆபீஸைச் சுத்திப் பாருங்க

பயிற்சி நிறுவனத்தைத் தேடுவதற்கு முன்பு ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உங்கள் இடத்தைச் சுற்றி வாருங்கள். இங்கே என்னென்ன நடக்கலாம்?

ஐ.டி கம்பெனி என்றால் மாரடைப்பு, மயக்கம், வலிப்பு, சர்க்கரை குறைவது, கேன்டீனில் தொண்டையில் சாப்பாடு சிக்குவது. ஹோட்டல் கிச்சன் என்றால் எண்ணெய்க் கொப்புளம், கத்தி வெட்டு. திருப்பூர் பனியன் யூனிட்டில் ஊசி குத்துவதும் மெஷினில் விரல் மாட்டுவதும். ராணிப்பேட்டை, வாணியம்பாடி தோல் தொழிற்சாலைகளில் ரசாயனமும், கழிவுத்தொட்டி விஷவாயுவும். ஊருக்கு வெளியே இருக்கும் குடோன், செங்கல் சூளை என்றால் பாம்பையும் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

இந்தப் பட்டியலை அனுப்பி, 'இதுக்கெல்லாம் எங்க ஆளுங்களைத் தயார்பண்ணுவீங்களா?' என்று கேளுங்கள். நல்ல நிறுவனம் திரும்ப நாலு கேள்வி கேட்கும். எத்தனை ஷிஃப்ட், எத்தனை மாடி, பக்கத்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், இதுவரை என்ன விபத்து நடந்திருக்கிறது என்று விசாரிக்கும். எதுவுமே கேட்காமல் 'ஸ்டாண்டர்டு பேக்கேஜ் இருக்கு சார்' என்று பி.டி.எஃப் அனுப்பினால், பனியன் கம்பெனிக்கும் பேங்குக்கும் ஒரே ஸ்லைடைத்தான் ஓட்டப்போகிறார்கள்.

யாரெல்லாம் பயிற்சி தர்றாங்க?

நம் ஊரில் பெரும்பாலும் நான்கு வகை.

ஒன்று, செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், இந்திய செஞ்சிலுவைச் சங்கம் போன்ற பழைமையான அமைப்புகள். கண்டக்டர் லைசென்ஸ் எடுத்தவர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப்பாருங்கள், செயின்ட் ஜான் முதலுதவிச் சான்றிதழ் பற்றிச் சொல்வார். தொழிற்சாலை விதிகளுக்காகச் சான்றிதழ் தேவைப்படுபவர்கள் முதலில் விசாரிக்க வேண்டிய இடம் இது.

இரண்டு, அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் பாடத்திட்டத்தை நடத்த அனுமதி பெற்ற மையங்கள். பல பெரிய மருத்துவமனைகளிலும் கல்லூரிகளிலும் இருக்கின்றன. இங்கே ஒரு குழப்பம் வரும். பி.எல்.எஸ் என்பது டாக்டர், நர்ஸ்களுக்கான கோர்ஸ். ஹார்ட்சேவர் என்பதுதான் நம்மைப் போன்றவர்களுக்கானது. 'பி.எல்.எஸ்-தான் பெரிசு' என்று அதிக விலைக்கு உங்கள் தலையில் கட்டப்பார்த்தால், வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

மூன்று, மருத்துவமனைகளும் தன்னார்வ அமைப்புகளும் நடத்தும் இலவச விழிப்புணர்வு முகாம்கள். இந்திய மயக்கவியல் மருத்துவர்கள் சங்கம், வாயோடு வாய் வைத்து ஊதாமல் நெஞ்சை மட்டும் அழுத்தும் எளிய முறையைப் பொதுமக்களுக்காக 2017-ல் வெளியிட்டது. சி.ஓ.எல்.எஸ் என்று பெயர். மொத்த ஆபீஸுக்கும் குறைந்தபட்சம் இதையாவது சொல்லித்தர இந்த முகாம்கள் நல்ல வழி. ஆனால், ஒரு மணி நேர முகாமை முழுப் பயிற்சி என்று கணக்குக் காட்ட முடியாது.

நான்கு, தனியார் பயிற்சி நிறுவனங்கள். அருமையானவர்களும் இருக்கிறார்கள், நான் முதலில் சொன்ன பஃப்ஸ் பார்ட்டிகளும் இருக்கிறார்கள். கீழே வரும் கேள்விகள் எல்லாருக்கும் பொதுவானவை என்றாலும், இவர்களிடம் கண்டிப்பாகக் கேளுங்கள்.

கொட்டேஷனுக்கு முன்னாடி கேட்க வேண்டிய 7 கேள்விகள்

1. எத்தனை பேருக்கு எத்தனை பொம்மை?
நான் முதலில் கேட்கச் சொல்வது இதைத்தான். சி.பி.ஆரில் ஒருவர் தொடர்ந்து அழுத்துவது 2 நிமிடம், பிறகு ஆள் மாற வேண்டும். 40 பேர், ஒரு பொம்மை என்றால் ஆளுக்கு ஒரு சுற்று வருவதற்கே 80 நிமிடம் ஆகும். இரண்டு மணி நேர வகுப்பில் அது நடக்கவே நடக்காது. ஒரு பொம்மைக்கு மூன்று பேருக்கு மேல் போகாமல் இருந்தால் நல்லது. அழுத்தம் போதுமா என்று 'க்ளிக்' சத்தத்திலோ விளக்கிலோ காட்டும் பொம்மையாக இருந்தால் இன்னும் நல்லது. 5 செ.மீ ஆழம் எவ்வளவு என்று ஸ்லைடு பார்த்துத் தெரியாது. அழுத்திப் பார்க்கும்போதுதான், இவ்வளவு பலம் வேண்டுமா என்று நமக்கே ஆச்சர்யமாக இருக்கும்.

2. மொத்த நேரத்தில் கை வேலை எவ்வளவு?
'எட்டு மணி நேர கோர்ஸ்' என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். அதில் லெக்சர் எவ்வளவு, பிராக்டிகல் எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். பாதிக்குப் பாதியாவது செய்முறை இருக்க வேண்டும். கட்டுப் போடுவது, ரத்தத்தை அழுத்தி நிறுத்துவது, ஒருக்களித்துப் படுக்கவைப்பது எல்லாமே ஒவ்வொருவரும் செய்து பார்க்க வேண்டியவை.

3. வரப்போறது யார்?
பேசுகிறவர் ஒருவர், வருகிறவர் ஒருவர் என்பது இந்தத் தொழிலில் சகஜம். உங்களுக்கு வகுப்பெடுக்கப்போகிறவரின் பெயரையும் அவருடைய பயிற்றுநர் சான்றிதழையும் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். ஆம்புலன்ஸில், எமர்ஜென்சி வார்டில், தீயணைப்புத் துறையில் வேலை பார்த்தவர் என்றால் கூடுதல் பலம். ஆனால், பெரிய டாக்டர் என்பதற்காகவே நன்றாகச் சொல்லித்தந்துவிடுவார் என்று அர்த்தமில்லை. முடிந்தால் அவர் நடத்தும் வேறொரு வகுப்பில் அரை மணி நேரம் பின்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள்.

4. எந்த மொழியில்?
கோயம்புத்தூர் மில்லிலும் திருப்பூர் யூனிட்டிலும் ஒடியா, இந்தி பேசும் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். மெஷின் பக்கத்தில் நிற்பவர் அவர்தான். இங்கிலீஷ் ஸ்லைடை வைத்துத் தமிழில் விளக்கினால் அவருக்கு என்ன போய்ச் சேரும்? வருகிறவர்கள் எந்த மொழிக்காரர்களோ அந்த மொழியில் நடத்த முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால், உங்கள் ஆட்களிலேயே மொழிபெயர்க்கத் தெரிந்தவரை முதல் நாளே தயார்செய்து வையுங்கள்.

5. தேர்வு உண்டா? தோத்தா என்ன பண்ணுவீங்க?
வந்தவர் எல்லாருக்கும் சான்றிதழ் என்றால் அது வருகைப் பதிவேடுதான். ஒவ்வொருவரையும் தனியாகச் செய்யச் சொல்லிப் பார்க்க வேண்டும், சரியாக வராதவருக்குத் திரும்பச் சொல்லித்தர வேண்டும். 'எங்ககிட்ட எல்லாரும் பாஸ்தான்' என்று பெருமையாகச் சொன்னால் அந்த இடத்தைத் தவிர்ப்பது நல்லது.

6. சான்றிதழை யார் தருவது, எதுவரைக்கும் செல்லும்?
முதலுதவிச் சான்றிதழுக்கும் காலாவதி உண்டு. அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் கார்டு 2 வருஷம் செல்லும், அதன் எண்ணை ஆன்லைனில் சரிபார்க்கவும் முடியும். 'வாழ்நாள் சான்றிதழ்' என்று ஒருவர் சொன்னால் அது விளம்பரம். தொழிற்சாலை என்றால், இந்தச் சான்றிதழ் ஏற்றுக்கொள்ளப்படுமா என்று தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் உங்கள் மாவட்ட அலுவலகத்தில் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். இன்ஸ்பெக்‌ஷன் அன்று தெரிந்துகொண்டால் காசும் போச்சு, நேரமும் போச்சு.

7. பாடம் எந்த வருஷத்தது?
முதலுதவி வழிகாட்டுதல்கள் மாறிக்கொண்டே இருக்கும். அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பெரிய அளவில் புதுப்பிக்கிறது. கடைசியாக வந்தது 2025-ல். உங்கள் பயிற்சியாளர் எந்த வழிகாட்டுதலைப் பின்பற்றுகிறார் என்று கேளுங்கள். 'பதினஞ்சு வருஷமா இதே பாடம்தான் மேடம்' என்பது அனுபவத்துக்கான சான்று கிடையாது.

போனிலேயே ஒரு குட்டி டெஸ்ட்

இவ்வளவு கேட்டும் முடிவெடுக்க முடியவில்லையா? வகுப்பெடுக்கப்போகிறவரிடம் பேச்சுவாக்கில் இந்த ஐந்தையும் கேட்டுப்பாருங்கள். பதில்களையும் சொல்லிவிடுகிறேன்.

வலிப்பு வந்தா சாவி கொடுக்கலாமா? கூடாது. இரும்பால் எந்தப் பயனும் இல்லை. வாயில் எதையும் வைக்கக் கூடாது, கை காலை அழுத்திப் பிடிக்கவும் கூடாது. சுற்றியுள்ள பொருள்களை நகர்த்தி, தலைக்கு மெத்தென்று ஏதாவது வைத்து, நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். உதறல் நின்றதும் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். 5 நிமிடத்தைத் தாண்டினால் உடனே 108.

சூடான எண்ணெய் கொட்டிட்டா? ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். பேஸ்ட், இங்க், மாவு, ஐஸ் எதுவும் வேண்டாம்.

தொண்டையில சிக்கி இருமக்கூட முடியலைன்னா? முதுகில் 5 தட்டு, பிறகு பின்னால் நின்று வயிற்றை உள்நோக்கி மேலே 5 அழுத்து, இதையே மாற்றி மாற்றி. 2025 வழிகாட்டுதல் பெரியவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறது. வயிற்றை மட்டும் அழுத்தினால் போதும் என்று சொன்னால் அவரிடம் இருப்பது பழைய பாடம். கர்ப்பிணி என்றால் வயிற்றை அழுத்தக் கூடாது, நெஞ்சை அழுத்த வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறாரா பாருங்கள்.

பாம்பு கடிச்சா இறுக்கிக் கட்டணுமா? கூடாது. கீறவும் கூடாது, உறிஞ்சவும் கூடாது. கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட இடத்தை அசைக்காமல், விஷமுறிவு மருந்து இருக்கும் ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு சீக்கிரம் முடியுமோ கொண்டுபோக வேண்டும்.

கழிவுத்தொட்டிக்குள்ள ஒருத்தர் மயங்கிட்டா? யாரும் பின்னாலேயே இறங்கக் கூடாது. காப்பாற்றப் போனவரும் சேர்ந்து இறந்துபோன செய்திகளை நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம்! கரன்ட் ஷாக்கிலும் இதே கதைதான். முதலில் மெயினை அணைக்க வேண்டும், பிறகுதான் ஆளைத் தொட வேண்டும். 'முதல்ல உங்க பாதுகாப்பு' என்று ஆரம்பிக்காத பயிற்சியாளரை நம்பி உங்கள் ஆட்களை அனுப்பாதீர்கள்.

மாத்திரை மருந்து கொடுப்பது பற்றி உற்சாகமாகப் பேசுகிறாரா என்பதையும் கவனியுங்கள். முதலுதவியின் எல்லை எது, எங்கே கையை எடுக்க வேண்டும் என்று சொல்லித்தருவதும் பயிற்சிதான். ஏதாவது ஒன்றுக்கு 'சரியா தெரியலை, பார்த்துட்டுச் சொல்றேன்' என்றால் மார்க்கைக் குறைக்க வேண்டாம். தெரியாததைத் தெரிந்த மாதிரி அடித்துவிடுபவர்தான் ஆபத்து.

தொடுவதில் இருக்கும் தயக்கம்

ஒரு விஷயத்தை வெளிப்படையாகப் பேச வேண்டும். பெண் ஊழியர் ஒருவர் மூச்சின்றி விழுந்தால், நெஞ்சில் கை வைக்க ஆண்கள் தயங்குவார்கள். 'யாராவது லேடீஸ் வாங்க' என்று தேடிக்கொண்டிருக்கும்போதே நிமிடங்கள் ஓடிவிடும். நல்ல பயிற்சியாளர் இதைத் தவிர்க்க மாட்டார், கூச்சப்படாமல் எடுத்துப் பேசி, எங்கே எப்படிக் கை வைக்க வேண்டும் என்று காட்டுவார். பயிற்சிக்குப் போகும் பட்டியலிலும் ஆண், பெண் இரு தரப்பும் சரிசமமாக இருக்கட்டும்.

இன்னொரு பயம், 'போலீஸ் கேஸாயிட்டா?' என்பது. சாலை விபத்தில் நல்லெண்ணத்தோடு உதவுபவருக்கு, மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்க்கப்பட்ட 134-ஏ பிரிவு பாதுகாப்பு தருகிறது. டெலிவரி ஊழியர்கள், சேல்ஸ் டீம், கம்பெனி டிரைவர்கள் இருக்கும் இடமென்றால் இதையும் வகுப்பில் சேர்க்கச் சொல்லுங்கள்.

காசுக் கணக்கு

மூன்று கொட்டேஷன் வாங்கி, குறைந்ததற்கு ஓகே சொல்வதுதான் ஆபீஸ் வழக்கம். இதில் அப்படிச் செய்யாதீர்கள். மொத்தத் தொகையை ஆள் எண்ணிக்கையால் வகுத்து, ஒவ்வொருவருக்கும் எத்தனை நிமிடம் செய்முறை கிடைக்கிறது என்று பக்கத்தில் எழுதுங்கள். 40 பேருக்கு மலிவாக நடக்கும் ஒரு நாளைவிட, 12 பேருக்கு ஒழுங்காக நடக்கும் ஒரு நாள் உங்கள் ஆபீஸுக்கு அதிகம் உதவும். பட்ஜெட் குறைவு என்றால் ஆட்களைக் குறையுங்கள், பிராக்டிகலைக் குறைக்காதீர்கள். மிச்சப் பேருக்கு இலவச முகாம் ஒன்றை ஏற்பாடு செய்துவிடலாம்.

அந்த 12 பேர் யார்?

மேனேஜர்கள் அல்ல. அவர்கள் பாதி நாள் மீட்டிங்கில் இருப்பார்கள். எப்போதும் இடத்திலேயே இருப்பவர்களைத் தேர்ந்தெடுங்கள். வாசலில் இருக்கும் செக்யூரிட்டி அண்ணன், ரிசப்ஷனில் இருப்பவர், கேன்டீன்காரர், ஹவுஸ்கீப்பிங் அம்மா, ஒவ்வொரு மாடியிலும் இரண்டு பேர், நைட் ஷிஃப்டில் கண்டிப்பாக இரண்டு பேர். செக்யூரிட்டியும் ஹவுஸ்கீப்பிங்கும் கான்ட்ராக்ட் ஆட்கள், அவர்களுக்கு எதற்கு நாம் செலவு செய்ய வேண்டும் என்று மேலே கேள்வி வரும். 'ராத்திரி ரெண்டு மணிக்கு நீங்க விழுந்தா பக்கத்துல இருக்கப்போறது அவங்கதான் சார்' என்று சொல்லிப்பாருங்கள்.

வகுப்பு முடிஞ்ச மறுநாள்...

பயிற்சி முடிந்ததும் பயிற்சி பெற்றவர்களின் பெயர், போட்டோ, மாடி, எக்ஸ்டென்ஷன் நம்பரை லிஃப்ட் பக்கத்தில் ஒட்டுங்கள். முதலுதவிப் பெட்டியைத் திறந்து பாருங்கள், எத்தனை பொருள் காலாவதியாகியிருக்கிறது என்று தெரியும். பெட்டிக்குப் பூட்டு இருந்தால் அதைக் கழற்றிவிடுங்கள். 108-க்கு யார் போன் செய்வது, வாசலில் நின்று ஆம்புலன்ஸை யார் அழைத்து வருவது, லிஃப்ட்டை யார் பிடித்து வைப்பது என்று முன்கூட்டியே பேசிவையுங்கள்.

கற்றது சில மாதங்களில் மறக்க ஆரம்பிக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் ஒதுக்கி, 'இப்ப இவர் விழுந்துட்டார், என்ன பண்ணுவீங்க?' என்று ஒரு ஒத்திகை நடத்துங்கள். இதற்கு வந்து உதவுவீர்களா என்று பயிற்சி நிறுவனத்திடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். சந்தோஷமாகச் சரி என்று சொல்பவரிடம் தாராளமாகப் பணம் கட்டலாம்.

நான் இப்போது வேலை பார்க்கும் இடத்தில் போன வருஷம் பயிற்சி நடந்தது. மூன்று பேருக்கு ஒரு பொம்மை. இரண்டு நிமிடம் அழுத்தி முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கி, மணிக்கட்டு வலித்தது. 'வேகம் பத்தலை, திரும்பப் பண்ணுங்க' என்று பயிற்சியாளர் மூன்று முறை செய்யவைத்தார். எனக்குப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தவர் எங்கள் பில்டிங் வாட்ச்மேன் தாத்தா. அவர் முதல் தடவையிலேயே சரியாகச் செய்துவிட்டார்.

சான்றிதழ் மெயிலில் வந்தது. இன்னும் பிரின்ட் எடுக்கவில்லை. ஆனால், நான் நைட் ஷிஃப்ட் பார்க்கும் நாள்களில், வாசலில் தாத்தா இருக்கிறார் என்பது எனக்குப் பெரிய நிம்மதி.